டாபிதாவைப் பங்குபோட மறுத்தவர்

லோவெல் ட்ரிம்பிள் படம் பார்க்கும்போது மடியில் ஒரு நோட்டும் கையில் ஒரு பென்சிலும் இருக்கும். எல்லாப் படங்களுக்கும் இல்லை. பழைய அமெரிக்க எல்லைப்புறத்துக் கதைகளுக்கு மட்டும். தோல் சட்டைக்காரர்கள் மரவேலிக்குப் பின்னால் நின்று துப்பாக்கி கெட்டிக்கும் காட்சி வந்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "அந்தப் பொத்தானப் பாரு! அது வர இன்னும் அம்பது வருஷம் இருக்கு" என்று குறித்துக்கொள்வார். கதாநாயகி பளீரென்ற பற்களோடு சிரித்தால் அதற்கும் ஒரு கோடு. ஒருமுறை ஒரே படத்தில் நாற்பத்தொரு தப்பு கண்டுபிடித்தார். அன்றைக்கு இரண்டு தரம் பீன்ஸும் சோளரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தப்பே இல்லாத படம் ஒண்ணு வந்துச்சுன்னா இந்த மனுஷன் படுத்த படுக்கையாயிடுவாரு" என்று மனைவி ஜெனிவா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒஹையோ ஆற்றின் தென்கரையில், கென்டக்கி மாநிலத்தின் ஓரத்தில், பெல்சர் துறை என்கிற சின்ன ஊரில் முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வயது அறுபத்து மூன்று. நல்ல உயரம், பேருந்துக் கூரைக்குப் பயந்து குனிந்து குனிந்து, வெட்டவெளியில் நடக்கும்போதும் தலையைத் தாழ்த்தியே நடப்பார். தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வேட்டைக்காரனுக்குச் சிலை வைத்த ஊர் வரும். அதைப் பார்க்கக்கூடாது என்பதற்காக ஆறு மைல் சுற்றிக்கொண்டு போவார்.

"கரடி சுட்டவனுக்கெல்லாம் சிலை! அவன் பேர்ல பள்ளிக்கூடம், படம்! நம்ம பொண்ணு ஒரு கோட்டையவே காப்பாத்தினா. அவளுக்கு ஒரு தகரப் பலகை கூடக் கிடையாது."

'நம்ம பொண்ணு' என்று அவர் சொல்வது டாபிதா லன்ஸ்ஃபோர்டை. அவள் வாழ்ந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது.

1780ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. இன்று ஊர் இருக்கும் இடத்தில் பதினோரு மரக்குடில்கள், சுற்றி ஒரு மரவேலி. அதைத்தான் கோட்டை என்றார்கள். சோளம் தீர்ந்து, மாடுகளையும் தின்று தீர்த்து, தோலை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நிலைமை. டாபிதாவை ஏழு வயதில் அக்கரைப் பழங்குடிகளான ஷானி மக்கள் பிடித்துப்போனார்கள். அவர்களில் ஒரு தாய் ஒன்பது வருஷம் அவளை மகளாக வளர்த்தாள். பிறகு ஒரு சமாதானப் பேச்சில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கரையில் அவளுக்குக் கல்யாணமாகி ஜோயல் என்று ஒன்றரை வயதில் ஒரு மகன். அந்தக் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, யாரையும் கேட்காமல் பனிக்கட்டி மேல் நடந்து அக்கரைக்குப் போனாள். ஆறாம் நாள் மூன்று குதிரைச் சுமை சோளத்தோடு திரும்பி வந்தாள். வளர்த்த தாய் கொடுத்தனுப்பிய சோளம். கோட்டை பிழைத்தது. பனி உருகியதும், அந்தச் சோளத்தைத் தின்றவர்களே அவள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். பகைவரோடு உறவாடினாளாம். வேலிக்குள் எத்தனை ஆள் என்று சொல்லிக்கொடுத்தாளாம். இனி அவள் கணவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, பிள்ளை அப்பனோடு இருக்கட்டும் என்று தீர்ப்பானது. டாபிதா மறுபடி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"படத்துக்கு இதவிட வேற என்ன வேணும், சொல்லு?" என்று லோவெல் கேட்காத ஆளில்லை. இருபத்தாறு வருஷமாகப் படக்கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒவ்வொன்றும் பதினாலு பக்கம். தொல்லை என்னவென்றால் அவருக்குக் கதை சொல்ல வராது. உப்பு விலையில் ஆரம்பிப்பார். பனிக்கட்டி எத்தனை அங்குல கனம் என்பதற்கு வருவார். டாபிதா ஆற்றில் கால் வைப்பதற்குள் கேட்டவர்கள் கொட்டாவி விட்டு முடித்திருப்பார்கள்.

நடீன் லன்ஸ்ஃபோர்டுக்கு வரும். டாபிதாவின் மகன் ஜோயல் வழியில் எட்டாம் தலைமுறை அவள். கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். லோவெலோடு ஒரே வகுப்பில் படித்தவள். வந்தவர்கள் தலையில் சுருள் மாட்டிக்கொண்டே கதை சொல்லுவாள். உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளே காகிதம் நீட்டுவாள். அவள் கதையில் டாபிதா வெளியேறுவதே இல்லை. சோளமூட்டையோடு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்த அந்த நிமிஷமே எங்கிருந்தோ ஒரு குண்டு பாய்ந்து செத்துவிழுவாள். முழுக்க முழுக்கப் பொய். பார்லர் வாசலில் நின்று அதை ஒட்டுக்கேட்ட நாட்களில் லோவெலுக்கு வயிறு எரியும். இரத்தமும் அவளுக்கே, குரலும் அவளுக்கே. தனக்கு என்ன இருக்கிறது, வெறும் ஆதாரம்!

அந்த ஆதாரத்தில் ஒன்றை அவர் மனைவியைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்து நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. பூஞ்சை பிடித்த பழைய வழக்குக் கட்டுகளை வெளியே தூக்கிப்போட ஆள் கேட்டார்கள், லோவெல் போனார். ஏதோ வேலித் தகராறு வழக்கின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தத் தாள். ஆவியில் காட்டிப் பிரித்தார். டாபிதாவின் பெயர். 1785, அக்டோபர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தாளை ஒரு தட்டைப் பெட்டியில் வைத்து, பீரோவில் தன் கல்யாணக் கோட்டின் மேல் வைத்துப் பூட்டினார். எப்போதாவது தனியாக எடுத்துப் பார்ப்பார். படிக்கக்கூட மாட்டார், பார்ப்பார். "பதினோரு வருஷமா இந்த வீட்ல மூணு பேரு குடித்தனம் பண்றோம். என் பொறந்தநாளு மறந்துபோகும், அவளோட கேஸ் தேதி மறக்காது" என்பாள் ஜெனிவா. ஊருக்குக் காட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மறுநாளே அது நடீனின் கதையாகிவிடும். அவள் வாயில் அது அவ்வளவு நன்றாக இருக்கும்.

போன அக்டோபரில் ஒரு வெளிமாநிலக் கார் பார்லர் வாசலில் நின்றது. காலை நடை முடித்துப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்த லோவெல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியில், கையில் குறிப்பேடு. பின்னால் சீப்போடு நடீன்.

"...வாசக் கதவத் தொறக்குறாங்க. மூட்டை தோள்ல. புள்ள 'அம்மா'ன்னு ஓடி வருது. அப்பத்தான் டுமீல்னு..."

லோவெல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "அப்படி ஒரு குண்டும் வெடிக்கல!"

"வந்துட்டாருப்பா டாபிதாவோட மாப்பிள்ளை" என்றாள் நடீன், திரும்பாமலே.

அந்தப் பெண் எழுந்தாள். பெயர் கிரெட்சன், கலிஃபோர்னியாவில் ஒரு படக்கம்பெனியில் வேலை. "லோவெல் சார் நீங்கதானா? உங்க லெட்டர் படிச்சுட்டுத்தான் வந்தேன். உங்க வீட்டுக்கு வழி கேக்க இங்க நுழைஞ்சேன், இவங்க உக்கார வெச்சுட்டாங்க." கண்ணோரம் இன்னும் ஈரமாக இருந்தது. லோவெலுக்கு அந்த ஈரத்தைத்தான் தாங்கமுடியவில்லை. தன் பதினாலு பக்கத்தில் ஒரு சொட்டு வந்திருக்குமா?

"அப்ப டாபிதாவுக்கு நிஜமா என்னதான் ஆச்சு, சார்?"

"தொரத்திட்டாங்க. போயிட்டா."

"அதுக்கப்புறம்? எதுவுமே கிடைக்கலையா?"

பீரோவும் பெட்டியும் அவர் கண்முன் வந்தன. நடீன் சீப்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவும் கிடைக்கல."

கிரெட்சன் யோசித்தாள். "போயிட்டான்னு மட்டும் சொல்லிப் படத்த முடிக்க முடியாதே. நடீன் சொல்ற முடிவுதான் நல்லாருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து முழுசா எழுதிக்கிறேன்." ஆற்றங்கரையைப் படம்பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டாள்.

நடீன் கீழே கிடந்த முடியைப் பெருக்க ஆரம்பித்தாள். "திருப்திதானே? ஊருக்கு ஒரு படம் வர்றதுல உனக்கென்னடா எரிச்சல்?"

"பொய் சொல்றே நீ. தெரிஞ்சே சொல்றே."

"ஆமா, தெரிஞ்சேதான் சொல்றேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எங்க வீட்ல சொல்ற கதை என்னன்னு உனக்குத் தெரியுமா? உன் நோட்டுல எங்கயாவது அது இருக்கா? பெத்த புள்ளையப் போட்டுட்டு ஓடுனவ. திரும்பிக்கூடப் பாக்காதவ. எட்டுத் தலைமுறையா எங்க வீட்ல பொட்டப்புள்ள சண்டை போட்டா 'ஓடுனவ ரத்தம்'னுதான் திட்டு. எங்கம்மா என்னைய அப்படித்தான் திட்டினா. அவளும் அந்தத் திட்டு வாங்கினவதான். அதுக்குத்தான் நான் அவள வாசல்லயே சாகடிச்சேன். செத்துட்டான்னா ஓடலைல்ல?"

லோவெல் குனிந்தபடி வெளியே வந்தார். அன்று மாலை பேருந்தில் இரண்டு நிறுத்தங்களில் நிற்காமல் போய், பிள்ளைகள் கத்தியதும் திரும்பி வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியோடு பார்லருக்குப் போனார். நடீன் மட்டும் இருந்தாள். மேசைமேல் பெட்டியைத் திறந்து வைத்தார். பழைய கையெழுத்து அவளுக்குப் புரியவில்லை. அவரே விரல் வைத்து வாசித்தார். வீடு வேண்டாம், நிலம் வேண்டாம், மகன் ஜோயலை வருஷத்துக்கு இரண்டு தடவை ஆற்றங்கரையில் பார்க்க அனுமதி வேண்டும் என்று டாபிதா நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறாள். படகுக்காரன் சாட்சி: நான்கு வருஷமாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இந்தப் பெண் அக்கரைக்கு வருகிறாள், காலையிலிருந்து கடைசிப் படகு வரை நின்று இந்தக் கரையையே பார்க்கிறாள், அவளை ஏற்றக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கீழே ஒரே வரி: மனு தள்ளுபடி.

லோவெலின் குரல் வழக்கம்போல் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் நடீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வருஷமும் வந்தாளா?"

"நாலு வருஷமும்."

அவள் தாளைத் தொடவில்லை. "இது எப்பக் கிடைச்சுது உனக்கு?" என்றாள்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "பதினோரு வருஷமாச்சு" என்றார்.

"எங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு, லோவெல்."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கிண்ணங்களைக் கழுவினாள். ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"ஏன்டா?" என்று கேட்டாள், முதுகைக் காட்டியபடி.

"உனக்கு எல்லாம் இருந்துச்சு. எனக்கு இது ஒண்ணுதான்..."

"உன்னைய நான் மன்னிக்கப்போறதில்ல. அத இப்பவே தெரிஞ்சுக்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வர்ற நேரமாச்சு. இங்கயே இரு. வருஷம், தேதி எனக்கு நிக்காது, நீ எடுத்துக் குடு. மத்தபடி வாயத் தொறக்காத. கதைய நான்தான் சொல்லுவேன்."

சொன்னாள். கிரெட்சன் எழுதக்கூட மறந்து கேட்டாள். குண்டு இல்லை, மூட்டையோடு சாகிற வாசல் இல்லை. உறைந்த ஆறு, சோளம், வழக்கு. பிறகு அக்கரையில் ஒரு பெண், படகு கட்டப்படும் வரை. ஒரே ஒரு இடத்தில் நடீனின் குரல் நின்றது. "எண்பத்தஞ்சு" என்றார் லோவெல். அவள் தொடர்ந்தாள். பதினோரு வருஷம் அவர் பூட்டி வைத்திருந்தது இன்னொருத்தி வாயிலிருந்து, அவர் பயந்த அளவுக்கு நன்றாகவே, வந்துகொண்டிருந்தது. வயிறு எரிவது நிற்கவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"இதுதான் படம். இத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கிரெட்சன் போனை எடுத்துத் தாளின் மேல் குனிந்தாள்.

அடுத்த நொடி லோவெலின் வலதுகை நீண்டு, விரித்த உள்ளங்கையால் தாளை மூடியிருந்தது. அவர் வைத்ததாக அவருக்கே தெரியவில்லை. கிரெட்சன் நிமிர்ந்து பார்த்தாள். நடீன் அந்தக் கையையே பார்த்தாள்.

லோவெல் மெதுவாகக் கையை எடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.