எதிர்வீட்டுக் கிண்ணங்கள்

அன்று காலை எங்கள் வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு பௌதி. பௌதி என்றால் அண்ணி. கல்கத்தாவில் அக்கம்பக்கத்துப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அவருக்குப் பின்னால் மாலதி மாசி, பௌதி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், ஈரக் கையோடு. மாசியும் முறைதான், அம்மாவின் கூடப்பிறந்தவள். வாசலுக்கு உள்ளே என் வீட்டுக்காரர், வேலை இல்லாத நாள் என்பதால் பனியனோடு. என் மகள் கனி, பன்னிரண்டாவது படிக்கிறவள், வாயில் பிரஷ்ஷோடு. கடைசியாக நான். பௌதி கேட்டது ஒரு வரிதான். வங்காளத்தில் கேட்டார், தமிழில் எழுதுகிறேன். "கனீர் மா, என் கிண்ணத்தை எல்லாம் குடுத்துரு. இன்னைக்கு மாப்பிள்ளை வரார்." கனீர் மா என்றால் கனியின் அம்மா. பதினோரு வருஷமாக எதிர்வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

அன்றைக்கு ஜமாய் சஷ்டி. கோடையில் மருமகனுக்கென்றே இங்கே ஒரு பண்டிகை. நடுவில் சோற்றுத் தட்டு, அதைச் சுற்றிக் கிண்ணங்கள். ஒன்றில் பருப்பு, ஒன்றில் மீன், ஒன்றில் இறைச்சி, ஒன்றில் பாயசம். எத்தனை கிண்ணமோ அத்தனை மரியாதை. பௌதியின் மகளுக்குப் போன தை மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. மருமகன் இந்த நாளுக்கு வருவது இதுதான் முதல் தடவை. பௌதியின் கிண்ணங்கள் எல்லாம் ஒரே செட்டு, ஒவ்வொன்றிலும் அவர் பெயர் வங்காள எழுத்தில் வெட்டியிருக்கும். அதில் ஒன்பது கிண்ணம் என் அலமாரியில் இருந்தது. கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தேன்.

"உங்க அலமாரியிலே கிண்ணம் குட்டி போடுதா?" என்று மாலதி மாசி கேட்டார். கனி சிரிக்கவில்லை.

அந்த ஒன்பது கிண்ணம் என்னிடம் எப்படிச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். என் வீட்டுக்காரர் சமையல்காரர். தெரிந்த ஒருவர் மூலமாக இந்த ஊர் சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வந்தார். பின்னாலேயே நானும் கனியும் வந்தோம். வாடகை குறைவு என்று டாக்குரியாவில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய மாடி வீட்டில் இரண்டு அறை பிடித்தோம். ஊரில் இருக்கிறவர்கள் போனில் கேட்பது ஒன்றுதான். "கல்கத்தாவுல எல்லாம் மலிவாம்லா? நல்லா மிச்சம் பிடிச்சிருப்பீங்களே." மலிவுதான். மலிவாக வாங்கத் தெரிந்தவர்களுக்கு மலிவு. இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். நூறு கிராம் வெண்டைக்காய் கேட்பார்கள். முட்டைக்கோசில் கால் பங்கு கேட்பார்கள். வீட்டில் நாலு பேர் என்றால் மீன்காரரிடம் நாலு துண்டு வெட்டச் சொல்வார்கள், ஐந்தாவது துண்டு வாங்க மாட்டார்கள். பாங்கு ஆபீசரும் அப்படித்தான், ரிக்‌ஷாக்காரரும் அப்படித்தான். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. கோவில்பட்டிச் சந்தையில் நான் போய் மூன்று துண்டு மீன் கொடு என்று கேட்டால், "என்னக்கா, பூனைக்கா?" என்பான். வந்த புதிதில் இவர்களைப் பார்த்துக் கஞ்சர்கள் என்று நினைத்தேன். அவர்கள் வெட்கப்படாமல் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று புரிய எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. புரிந்ததே தவிர, என் வெட்கம் போகவில்லை.

இந்த வருஷம் மாசி மாதம் கேன்டீனில் வேலையைக் குறைத்தார்கள். ஆபீசில் வேலை செய்கிறவர்கள் பாதி நாள் வீட்டிலேயே வேலை பார்க்கிறார்கள், சாப்பிட ஆள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளமும் பாதி. அன்று ராத்திரி வீட்டுக்காரர் சொன்னார்: "ஊருக்குச் சொல்லாத. இங்கயும் யாருகிட்டயும் சொல்லாத." நான் சரி என்றேன். மறுநாளிலிருந்து குறைக்க ஆரம்பித்தேன்.

என்னென்ன குறைத்தேன் என்று எழுதுகிறேன். யாருக்காவது உதவும். துவரம்பருப்பை விட்டு மசூர் பருப்புக்கு மாறினேன். சீக்கிரம் வெந்துவிடும், அதனால் கேஸும் மிச்சம். சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்கி ஒரே தடவையில் வேகவைத்தேன். விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதியை ஆவி பார்த்துக்கொள்ளும். காய்கறியை ரயில்வே லைன் ஓரத்துச் சந்தையில், கடை கட்டுகிற நேரத்தில் வாங்கினேன். அப்போது எடை கிடையாது, கூறு கட்டிப் போட்டிருப்பார்கள். இரண்டு கூறு எடுத்தால் மூன்று நாளைக்கு வரும். மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம், ஒரு ஃபேன்தான் ஓடும். வீட்டுக்காரர் மெட்ரோவை விட்டு பஸ்ஸுக்கு மாறினார். அரைமணி முன்னால் கிளம்ப வேண்டும், வேறு நஷ்டம் இல்லை. மாவு அரைப்பதை நிறுத்தினேன். இதெல்லாம் கஷ்டம் இல்லை. உடம்பு பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான். பௌதி வீட்டுக் கிண்ணம். பதினோரு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வரும். வாழைப்பூக் கறி வரும், கடுகு அரைத்த மீன் வரும். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அவர்களும் அப்படித்தான். நான் அதிலேயே இட்லிப்பொடியோ, புளிச்சாதமோ, முறுக்கோ போட்டுக் கொடுப்பேன். பௌதிக்கு என் எலுமிச்சங்காய் ஊறுகாய் என்றால் உயிர். நான் குடல்வால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கனி அந்த வீட்டில்தான் தூங்கினாள். எங்களுக்குள் பேச்சு குறைவு. என் வங்காளம் சந்தை வங்காளம், அவருக்குத் தமிழ் தெரியாது. பேச வேண்டியதை எல்லாம் கிண்ணம்தான் பேசிக்கொண்டிருந்தது.

சம்பளம் பாதியான பிறகு முதல் கிண்ணம் வந்தது. போட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தேன். நாளைக்கும் இல்லை. அதற்குள் இரண்டாவது வந்தது. வெறும் கிண்ணத்தை நீட்டினால் வீட்டு நிலைமை தெரிந்துபோகும். அதனால் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வந்தது. பௌதி எதுவும் கேட்கவில்லை. கிண்ணம் வருகிற நாளில் நான் குழம்பு வைப்பதை நிறுத்தினேன். கனிக்கு மீன் கிடைப்பது அந்த நாளில் மட்டும்தான். ஒன்பதாவதுக்குப் பிறகு கிண்ணம் வரவில்லை. படியில் பார்த்தால் பௌதி சிரிப்பார், ஆனால் நிற்க மாட்டார். மாலதி மாசிதான் கனியிடம் சொன்னாராம்: "உங்க அம்மாவுக்கு எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலைன்னு பௌதி நினைக்கிறாங்க. வாங்கி நாய்க்குப் போடுறீங்களான்னு கேட்டாங்க." அதைக் கனி என்னிடம் சொல்லிவிட்டு, "எம்மா, நானாச்சும் போய் உள்ளதச் சொல்லட்டுமா?" என்றாள். அப்பா திட்டுவார் என்றேன்.

இந்த நிலைமையில்தான் அன்று காலை பௌதி வாசலில் வந்து நின்றார். நான் அரைமணி நேரம் கேட்டேன். "அரைமணியா? மாப்பிள்ளை ரயில் ஏறியாச்சு" என்றார். உள்ளே போனேன். டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இன்னும் நாலு நாளைக்கு வைத்திருந்த அரிசிதான் இருந்தது. விசேஷ வீட்டுக்கு வெறும் பாத்திரம் போகக்கூடாது. ஒன்பது கிண்ணத்திலும் அரிசியை நிரப்பினேன். தாம்பாளத்தில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் அரிசி மங்கலம். நிறைந்த கிண்ணமாகக் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பௌதி தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தை எடுத்தார். திரும்ப வைத்தார். "நான் சமைச்சுக் குடுத்தேன். நீ அளந்து திருப்பித் தரியா?" என்றார்.

நான் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"சரி. ஷோத்போத்" என்றார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டை முடிக்கும்போது சொல்கிற சொல் அது. கணக்குத் தீர்ந்தது, இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. மாலதி மாசி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

"என்னளா, இருந்த அரிசியெல்லாம் குடுத்துட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"வெறுங் கிண்ணத்தக் குடுக்கச் சொல்லுதீகளா?"

"மத்தியானத்துக்கு?"

"கோதுமை மாவு கெடக்கு."

கனி வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். செருப்புப் போடாமல் நேராக எதிர் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பௌதி திறந்தார். கனி பேச ஆரம்பித்தாள். அவளுடைய வங்காளம் வேகமானது, எனக்குப் பாதிதான் பிடிபடும். அப்பாவின் சம்பளம் என்றாள். பாதி என்றாள். நாலு மாதம் என்றாள். அம்மாவுக்கு வெட்கம் என்றாள். தமிழில் அவள் எங்களிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் நாலு மாதமாக மூடி வைத்ததை, அடுத்த பாஷையில் நாலு நிமிஷத்தில் கொட்டிவிட்டாள். வீட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் கீழே இறங்கிப் போனார்.

பௌதி வந்தார். அழவில்லை. கத்தினார். படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "நாலு மாசமா? என் கிண்ணத்தை ஜெயில்ல வச்ச மாதிரி வச்சியே! ஒரு துளி உப்பு போட்டுக் குடுத்தா வாங்கியிருக்க மாட்டேனா? நான் மீன்காரன்கிட்ட ரெண்டு துண்டு வாங்குறதை நீ பார்த்ததில்லையா? எனக்கென்ன வெட்கம்?" பிறகு குரலை இறக்கினார். "இனிமே கிண்ணம் வராது. வந்தா நீ திருப்பணும்னு சாகிறே. கனி ராத்திரி எங்க வீட்டிலே சாப்பிடுவா. அவ வயித்தைக் கிண்ணம் மாதிரி நீ கழுவி நிரப்பி அனுப்ப முடியாதில்லே?" மாலதி மாசி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்வதற்குள் கனி அந்த வீட்டுக்குள் போயிருந்தாள். அரிசி அன்று மாலையே பையில் கட்டித் திரும்பி வந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார்: "பிள்ளைய அங்க அனுப்பிட்டியா?"

"நான் அனுப்பல. அது போயிட்டு."

"முந்நூறு பேருக்கு வடிச்சுப் போட்டவன் நான்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. துர்கா பூஜையும் வந்து போய்விட்டது. கேன்டீனில் இன்னும் வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான். கனி தேறியிருக்கிறாள், கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. "அங்க பருப்புல தேங்கா கீறிப் போடுவாக, எம்மா" என்றாள் ஒரு நாள். நான் வைத்த ரசத்தைத் தொடவில்லை. போன வாரம் அவள் ஸ்கூலில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி பௌதிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு, "காகிமாட்ட சொன்னேன், ஒன்கிட்டயும் சொன்னதா நெனச்சுட்டேன்" என்றாள். பௌதியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், காகிமா என்றால் சித்தி. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அந்த வீட்டில் அவள் சிரிப்பது இங்கே கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்று பாதிதான் புரியும். பௌதியை நான் என்னவென்று குறை சொல்வது? நல்லதுதான் செய்கிறார். சாப்பாட்டில் கடன் வைக்காமல் செய்கிறார். கிண்ணம் வந்தபோது நான் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவளாக இருந்தேன். இப்போது எனக்கு அந்த வேலையும் இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கனி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருப்பாள். வாசலில் நின்று, "வாரேம்மா" என்பாள். எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று சொல்லக்கூடாது. சாப்பிட்டு, பேசிவிட்டு, ஒன்பது மணிக்கு அந்த வாசலில் நின்று, "ஆஷ்ச்சி, காகிமா" என்பாள். அதுவும் வருகிறேன் என்றுதான். இவர்களும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு வாசலிலும் வருகிறேன் என்றுதான் சொல்கிறாள். எந்த வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், எந்த வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். குரலில் வித்தியாசம் இல்லை.

நேற்று மாதக் கடைசி. சம்பளம் குறைந்த பிறகு முதல் தடவையாக டப்பாவில் பணம் மிஞ்சியிருந்தது. எதில் மிஞ்சியது என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. ராத்திரிக்கு இப்போது இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். எண்ணிப் பார்த்தேன்.

தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.