முப்பது தாள்

ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டாள் என்பதால் கூட இருப்பவர்கள் அவளை ‘ரெஜிஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நிர்வாகப் பாடத்தில் பட்டம் இருந்தால்தான் ஃபோர்மேன் ஆக முடியும் என்று பணிமனையில் சொன்ன அன்றே, அவரைப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதை அவள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். எந்தப் பாடத்தையும் எடுக்கலாம். ஒரு பருவம் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. தாளுக்கு நாலு கிரெடிட், முப்பது தாள் முடித்தால் நூற்றிருபது, பட்டம் வந்துவிடும்.

எட்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டி, ஒவ்வொரு தாளின் எண்ணையும் மதிப்பெண்ணையும் குறித்தாள். எண்ணுக்குப் பின்னால் என்ன பாடம் என்று கேட்கத் தோன்றவில்லை. பாடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன. படிப்பு மையத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு வந்தது. அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்த பருவம் மட்டும் அது நகரவில்லை. முப்பதாவது தாளும் தேறி கோடு முழுசாகப் பச்சையான அன்று, சலவைப் பிரிவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

அவருக்கு விடுப்பு கிடைக்காததால் பட்டத்துக்கான விண்ணப்பத்தை அவளே மையத்துக்கு எடுத்துப்போனாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், விண்ணப்பத்தைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

“மொத்தம் சரியா இருக்குக்கா. ஆனா ஏதாவது ஒரு பாடத்துல பன்னெண்டு தாள் இருக்கணும். நிர்வாகத்துல இவருக்கு ஏழுதான் இருக்கு.”

“பச்சைக் கோடு முழுசா வந்துடுச்சேம்மா?”

அது மொத்தக் கணக்குக்கான கோடு என்றாள் அந்தப் பெண். அதன்மேல் விரலை வைத்தால் கீழே பாடவாரியாகத் திறக்குமாம். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதன்மேல் விரலை வைத்ததில்லை. மீதி இருபத்துமூன்று தாளையும் அந்தப் பெண் படித்துக் காட்டினாள்: வானிலை, மண், பறவைகள், பழைய நகரங்கள். இன்னும் ஐந்து தாள் எழுத வேண்டும். பருவத்துக்கு இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். ஃபோர்மேன் வேலைக்கு மனுப்போட இருபது நாள்தான் பாக்கி.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

“மூணாவது வருஷமே தெரியும். அடுத்த வாட்டி எடுத்துக்கலாம், அடுத்த வாட்டி எடுத்துக்கலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ அவ்வளவு ஆசையா எழுதி வெச்சிட்டிருந்த. எப்படிச் சொல்றது?” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நாள் பூரா வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கேன். மேகத்தைப் பத்திப் படிக்கிறப்ப நல்லா இருந்துச்சு.”

வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். குடித்தார், சீட்டாடினார் என்றால் சண்டை போடலாம். படித்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு மையத்தின் ஆலோசகரைப் பார்த்தாள். அவர் உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். பழைய நகரங்களில் ஒரு தாளை நிர்வாகத்தோடு சேர்க்க முடியுமா என்று பாடக் குழுவிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டும் பார்த்தார். அந்த ஒன்று கிடைத்தது. நாலு பாக்கி நின்றது. அதற்குமேல் அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

இருபது நாளும் ஓடிவிட்டன. பணிமனையில் கணவரைவிட ஆறு வருஷம் இளையவர் ஒருவர் ஃபோர்மேன் ஆனார். இவர் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தப் பருவம் இரண்டுமே நிர்வாகத் தாள்தான். விண்ணப்பத்தை அவள் வாசித்துப் பார்த்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜையில் புத்தகத்தை விரித்து உட்காருகிறார். இரண்டாவது பக்கத்தில் தலை தொங்கிவிடுகிறது. எழுப்பினால் பாவமாக இருக்கிறது, விட்டால் பருவம் போய்விடும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.