பெரியப்பாவின் சைகோன் மெடல்

என் பெரியப்பா முதலியார்பேட்டைக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு ராணுவம் இருந்த திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனாலும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அவர்களுடைய தேசிய நாளான ஜூலை பதினாலு வந்துவிட்டால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்கள் கடற்கரைப் போர் நினைவிடத்தில் வரிசை கட்டும்போது, அவரும் சட்டையில் ஒரு மெடலைக் குத்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

கனத்த வெள்ளி. ஆசாரியிடம் கொடுத்து வளையம் பற்றவைத்து, நீலம் வெள்ளை சிவப்பு ரிப்பனில் கோத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் ஒரு துரை வீட்டுக்குக் காவல் இருந்த அவருடைய தாத்தாவுக்கு கவர்னரே நேரில் குத்தியது என்பார். அதில் ஒரு பெண் கடற்கரையில் நிற்பாள்; ஒரு கையில் சூலம், மறு கையில் கேடயம், பின்னால் பாய்மரக் கப்பல். பெரியப்பாவுக்கு அவள் பிரான்சு தேசத்துத் தாய். பெரியம்மாவுக்கு மாரியம்மன், வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பெண்ணின் இரு பக்கமும் 'ஒன் டாலர்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒனேர்னா பிரெஞ்சுல மரியாதைடா. அத சுருக்கிப் போட்டிருக்கான். டாலர்ங்கறது மெடல் செஞ்சவன் பேரு" என்று விளக்கினார் பெரியப்பா. நான் பி.காம். முடித்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

செல்போனில் கேமரா வந்த புதிது. ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி போட்டார்கள். 'பிரெஞ்சு' மேஜையில் தன் மெடலை வைக்காமல் அது எப்படிக் கண்காட்சி ஆகும் என்று பெரியப்பா என் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லென்சை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது, வளையம் பற்றவைத்துக் கெடுத்திருப்பதைப் பார்த்ததும் சுருங்கியது.

"ஐயா, இது மெடல் இல்ல. பிரிட்டிஷ்காரன் போட்ட வியாபார டாலர். ஹாங்காங், சிங்கப்பூர், சீனா பக்கம் யாவாரத்துக்கு ஓடுன காசு. அங்கல்லாம் முன்னாடி மெக்சிகோ வெள்ளிதான். அது பத்தாமப் போயிதான் இத அடிச்சாங்க."

"லண்டன்லயா?" என்றார் பெரியப்பா. குரலில் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

"பம்பாய்ல. சூலத்து நடு முள்ளுல பாருங்க, பொடியா 'பி'ன்னு இருக்கும்."

காசைத் திருப்பினார். பூவேலைக்கு நடுவே ஒரு சீன எழுத்து. நீண்ட ஆயுள் என்று அர்த்தமாம். சீனத்திலும், அரபி எழுத்தில் மலாயிலும் 'ஒரு டாலர்' என்று மறுபடி எழுதியிருந்தது. ஒரு பாஷையில் நம்பாதவர்கள் இன்னொன்றிலாவது நம்பட்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

"அந்தம்மா பிரிட்டானியா. அவங்க கேடயத்துல இருக்கறது இங்கிலாந்து கொடி."

இத்தனை வருஷமாகப் பிரெஞ்சு விழாவில் இங்கிலாந்துக் கொடியை நெஞ்சில் சுமந்து சல்யூட் அடித்திருக்கிறார் என் பெரியப்பா. பக்கத்தில் நின்ற சொல்தாக்களும் பதில் சல்யூட் அடித்திருக்கிறார்கள்.

வரும் வழியெல்லாம் அவர் மெடலைச் சட்டைப்பைக்குள் பொத்திக்கொண்டே வந்தார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் டீக்கடையில் அவர் குரல் கேட்டது.

"எங்க தாத்தாவுக்கு பிரெஞ்சுக்காரன்கிட்ட மட்டும் இல்லப்பா, இங்கிலீஷ்காரன்கிட்டயும் அவ்ளோ மரியாதை. அவன் மெடலும் எங்க வூட்லதான் கீது."

எந்த வெள்ளைக்காரன் என்பதா முக்கியம்? நெஞ்சில் குத்தியவன் வெள்ளைக்காரனாக இருந்தால் போதாதா, எங்கள் ஊருக்கு?

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முந்தைய வருஷம் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, 'பிரெஞ்சு கவர்னர்கிட்ட மெடல் வாங்குன குடும்பம்' என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். நானும் பக்கத்தில் அடக்கமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். தாம்பூலத் தட்டு மாத்தறப்பவே அவரு சட்டையில பாத்தேன். ஒன் டாலர்னு போட்டிருந்துச்சி. எங்க வூட்ல எல்லாருமே படிச்சாங்க."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எங்கப்பா மட்டும் என்ன சொன்னாரு? பொண்ணு பிரெஞ்சு படிச்சிருக்குன்னாரு. எனக்கு வணக்கம் சொல்ற போன்ழூரத் தவிர ஒரு வார்த்த தெரியாது. ஒங்க பெரியப்பா பிரெஞ்சுல எதாச்சும் கேட்டுடப் போறாரேன்னு அன்னிக்கி நான் நடுங்கிக்கிட்டு இருந்தேன்."