குமட்டல் மகனுக்கு, கலவரம் எனக்கு

என் மகனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது பெரிய விஷயமே இல்லை. அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லாருக்கும் நின்றது. பதினாறு வயதுப் பையன்கள் சில நாள் பள்ளிக்கூடம் போகாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டு, படுத்தபடியே போனில் விளையாடிவிட்டு மறுபடி எழுந்து ஓடினார்கள். என் மகனும் எழுந்தான். ஆனால் ஓடவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் மட்டும் ஓடினான், எதிர்த் திசையில்.

இந்தப் பையனின் பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவன் நன்றாகச் சாப்பிடுவான் என்று சொல்வது, கடல் கொஞ்சம் ஈரமாக இருக்கும் என்று சொல்வதற்குச் சமம். பள்ளி விட்டு வந்தால் தோளிலிருந்து பையைக் கழற்றுவதற்கு முன்பே குக்கரைத் திறந்துவிடுவான். இந்தத் தீவில், எங்கள் ஷாதிபூர் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு முழுதாக மூடியிருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. "டேய், கப்பல் லேட்டானா ஊருல வெங்காயம் இருக்காது. நீ இருந்தா வீட்டுல முட்ட இருக்காது" என்று அவனை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் மூன்று கரண்டி கஞ்சி குடித்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "போதும்பா" என்றான்.

"என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. உள்ள ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?"

"அதான், ஒரு மாதிரி."

காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, போக்கும் நின்றுவிட்டது. இந்த 'ஒரு மாதிரி' மட்டும் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரன் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அடுப்பில் வெங்காயம் வதங்கினால் பையன் வராந்தாவுக்குப் போய்விடுவான். மீன் பொரித்தால் தெருவுக்கே போய்விடுவான். இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை விழுந்தது.

நான் கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்ப்பவன். அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நான் இந்தத் தீவிலேயே பிறந்தவன். எங்களைப் பொறுத்தவரை குமட்டல் என்றால் அது கப்பல்தான். கடல் இல்லாமலும் ஒருவனுக்கு வயிறு புரளும் என்பதை இந்த ஊர் மூளை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாது. எனவே எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை ஆரம்பித்தேன். கப்பலில் ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் நடுப்பகுதி. ஆகவே மகனின் கட்டிலை அறையிலிருந்து இழுத்துவந்து ஹாலின் நட்டநடுவில் போட்டேன். கப்பலில் குமட்டுகிறவர்களைத் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்வோம். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பரவாயில்லை, அதுவும் அசையாததுதானே என்று அதைப் பார்க்கச் சொன்னேன். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய என் மனைவி (ஆசிரியை, கணக்கு) ஹாலின் நடுவில் கட்டிலையும், கட்டிலில் பழத்தோடு படுத்திருந்த மகனையும், பக்கத்தில் கேப்டன் மாதிரி நின்றிருந்த என்னையும் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நடுவுல ஆட்டம் கம்மி."

"வீடு எங்க ஆடுது? ஆடுறது நீங்க."

கட்டில் அறைக்குத் திரும்பியது. பழம் ரசத்துக்குப் போனது. அந்த ரசத்தை மகன் குடிக்கவில்லை.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாளை நாங்கள் எல்லாரும் பௌதி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். அவர் வாழைக்காயும் இஞ்சியும் போட்டுத் தண்ணியாக ஒரு மீன் குழம்பு கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் போகவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கா லோ பேட்டா, கா லோ" என்று ஒவ்வொரு வாய்க்கும் உற்சாகப்படுத்தினார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். மகன் ஸ்பூனைத் தூக்கினால் எங்கள் இருவரின் வாயும் தானாகத் திறந்தது. அவன் விழுங்கும்போது நாங்களும் விழுங்கினோம். கடைசி ஓவரைப் பார்ப்பவர்களிடம்கூட அவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை. நாலாவது வாயில் மகன் ஸ்பூனை வைத்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சக் குழம்பை நான்தான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

மதுரையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தது நான் செய்த அடுத்த தப்பு.

"மெயின்லாண்டுக்குக் கொண்டாந்துருடா. அங்க என்ன இருக்கு? தண்ணியும் தென்னமரமும். இங்க வயித்துக்குன்னே தனியா டாக்டர் இருக்காங்க, ஒவ்வொரு கொடலுக்கும் ஒருத்தர்."

தீவுக்காரனிடம் மெயின்லாண்ட் என்ற சொல்லைக் கவனமாகத்தான் உச்சரிக்க வேண்டும். எங்கள் ஊரில் சாதாரண வியாதிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். மெயின்லாண்டுக்கு அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அக்கா சொன்னதும் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் தேடினேன். 'பசியின்மை, குமட்டல், எடைக் குறைவு' என்று தட்டினால் அந்தப் போன் தயவு தாட்சண்யம் பார்க்காது. வெளியே வரும்போது மகனுக்கு ஏழு வியாதி இருந்தது. அதில் மூன்று எனக்கும் இருந்தது.

மனைவி அமைதியாக டாக்டரிடம் அழைத்துப்போனாள். மலையாளத்து அம்மா, தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார். பையனின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. கிருமி போன பிறகும் சிலருக்கு வயிறு கொஞ்ச காலம் சோம்பலாக இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடட்டும், எண்ணெய் குறையுங்கள், தண்ணீர் குடிக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், எப்போதும்போல இருக்கட்டும் என்றார். மறுபடி வாந்தி, வலி, காய்ச்சல் வந்தாலோ, எடை இன்னும் இறங்கினாலோ உடனே வரச் சொன்னார்.

"மெயின்லாண்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமா டாக்டர்?" என்றேன். "அங்க ஒவ்வொரு குடலுக்கும்..."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாப்பிடறப்ப யாரு பக்கத்துல இருக்காங்க?"

மகன் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினான்.

"தம்பி டீக் ஹை, நல்லாத்தான் இருக்கான். நீங்க ஒண்ணு செய்யுங்க சார். இவன் சாப்பிடறப்ப நீங்க வெளிய போங்க. சாப்பிட்டியான்னு கேக்காதீங்க, எவ்வளவுன்னு பாக்காதீங்க. சாப்பாட்டப் பத்திப் பேசவே வேணாம்."

மருந்துச் சீட்டில் மகனுக்கு ஒரு மாத்திரை இருந்தது. எனக்கு நாடு கடத்தல்.

அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் நான் மின்னி பே கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். கடலைப் பார்த்து உட்கார்ந்து, நல்ல காற்று வாங்கிக்கொண்டு, மனைவிக்குப் போன் போட்டுக் கிசுகிசுப்பேன்: "எவ்வளவு?" அவள் போனை வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். சாப்பாட்டை எடுத்துவிட்டால் மகனிடம் பேச எனக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. இத்தனை வருடமும் நான் அவனிடம் பேசியது 'சாப்பிட்டியா', 'என்ன சாப்பிட்ட', 'எல்லாத்தையும் நீயே சாப்பிட்டியா' இவ்வளவுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்கூல் எப்படிடா இருக்கு?" என்று ஒருநாள் தைரியமாக ஆரம்பித்தேன்.

"அங்கதான் இருக்கு" என்றான்.

இன்னொரு வாரம் போனது. எடை மேலும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. அரை தோசை, கால் டம்ளர் மோர் என்று குருவி மாதிரி கொத்திக்கொண்டிருந்தான். நான் ரகசியமாக விமான டிக்கெட் பார்த்ததை மகன் என் போனில் கண்டுபிடித்துவிட்டான்.

"மெயின்லாண்டா? அப்பா, அடுத்த மாசம் ஃபுட்பால் டீம் செலக்‌ஷன். போனா அவ்ளோதான், கதம். நான் வரமாட்டேன்."

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நீ ஃபுட்பாலா? பந்தே உன்ன ஒதச்சிரும்."

மனைவிதான் பஞ்சாயத்து செய்தாள். ஹேவ்லாக் தீவில் அவள் தம்பி கட்டிய வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். சனிக்கிழமை படகில் போய்விட்டு வருவோம். அதற்குள் பையன் ஒருவேளையாவது வயிறாரச் சாப்பிட்டால் மெயின்லாண்ட் பேச்சை நான் எடுக்கக் கூடாது. இல்லையென்றால் மறுபடி டாக்டரம்மா, அவர் சொன்னால் விமானம். மகன் ஒப்புக்கொண்டான். முகத்தில் மட்டும் நம்பிக்கையே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை.

மழைக்காலம். கடல் கெட்ட மூடில் இருந்தது. படகில் ஏறியதும் நான் கீழ்த்தளத்தில் நடு வரிசையில் இடம் பிடித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இதுதான் நல்ல இடம் என்று விளக்கினேன். "மேல போறேன், காத்து வரும்" என்று மகன், அம்மா கட்டிவைத்த சாப்பாட்டு டப்பாக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டான். மனைவி துப்பட்டாவை முகத்தில் போட்டுத் தூங்க ஆரம்பித்தாள்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் டிக்கெட் கொடுப்பவன் கப்பலில் ஏற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் கடைசியாக ஏறி வருடக்கணக்கில் ஆகியிருந்தது. துறைமுகத்தைத் தாண்டியதும் படகு ஒருமுறை தூக்கிப் போட்டது. நடு வரிசை, ஓர வரிசை என்று அதற்குப் பாகுபாடு இல்லை. முன் இருக்கைக்காரர் பையைத் திறந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். எனக்குக் காது சூடாகி, வாயில் நீர் ஊறியது. எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து, கிட்டத்தட்ட தவழ்ந்து மேல்தளத்துக்குப் போனேன்.

அங்கே மகன் பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் வயதில் யாரோ ஒரு பையன். இருவரும் எந்த ஆட்டத்திலோ யாரோ அடித்த கோலைப் பற்றி ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மடியில் டப்பா திறந்திருந்தது. நல்லெண்ணெயில் பொடி தடவிய இட்லி. "அரே, ஆஃப்சைட் தா வோ!" என்று கத்திக்கொண்டே மகன் ஒரு விள்ளலைப் பிட்டு, அது என்னவென்று பார்க்காமலே வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். இன்னொன்றைப் பிட்டான்.

அப்படியே நின்றேன். அடுத்த நொடி பொடியின் வாசம் காற்றோடு வந்து என்னை அடித்தது. வயிறு தொண்டைக்கு ஏறியது.

நான் இப்போது வாந்தி எடுத்தால் அவன் திரும்புவான். பெற்ற தகப்பன் கம்பியில் தொங்குவதைப் பார்ப்பான். அதோடு டப்பா மூடும், மூன்று வாரம் காத்திருந்த அந்த ஒருவேளை போய்விடும். லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர், நெற்றியில் வேர்வை. படகு இறங்கும்போது மூச்சை அடக்கினேன், ஏறும்போது சாமியைக் கூப்பிட்டேன். படகு ஊழியர் ஒருவர் வந்து, "சாப், உல்டி?" என்று உரக்கக் கேட்டு ஒரு பையை நீட்டினார். உதட்டில் விரலை வைத்து, போ போ என்று சைகை காட்டினேன். நிறைய வாந்திக்காரர்களைப் பார்த்திருப்பார். ஒளிந்துகொண்டு எடுக்கப் பார்ப்பவனை அன்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

ஆஃப்சைட் சண்டை முடிவதாக இல்லை. அது முடியக் கூடாது என்றும், சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டினேன். கடைசியில் மகன் விரலை நக்கினான். டப்பாவை மூடினான்.

ஓடினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க நேரமில்லை. பார்த்திருக்க வேண்டும்.

"அப்பா! நீயா? ஐயோ, சட்டையெல்லாம்!" மகன் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் சிரித்தான். "எப்பப்பா மேல வந்த?"

"இப்பத்தான்."

"தண்ணி குடி. அம்மாகிட்ட இன்னொரு டப்பா இருக்கே, அதுல என்ன?"

மூன்று வாரமாக நான் ஏங்கிக் கிடந்த கேள்வி. "தம்பி, கும்பிடுறேன்" என்றேன். "எங்கிட்ட சாப்பாட்டப் பத்திப் பேசாத."

கீழே போய்த் தயிர்சாத டப்பாவோடு திரும்பி வந்தான். தூரமாக உட்காரலாம் என்ற இங்கிதமெல்லாம் அவனுக்குக் கிடையாது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மாவடுவைக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி ஒரு ஏப்பம் விட்டான்.

"போதும்பா. வயிறு ஃபுல்."

கை வயிற்றுக்குப் போகவில்லை. டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். மனம் நிறைந்து, மறுபடி கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.