படிவத்தில் இல்லாத போயிலை

சரசு அக்காவின் இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. ஐந்து காசு அளவு. டாக்டர் துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. என் பக்கம் திரும்பி, "தெம்பாக்காவ்?" என்றார். புகையிலைப் பழக்கம் உண்டா என்று மலாயில் கேட்கிறார்.

நான் பல் மருத்துவ உதவியாளர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகும்போது, படிவம் நிரப்புவதும் டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவற்றை எழுதி வைக்கிறேன்.

1. நல்ல தமிழ்

எங்கள் வீட்டில் எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வு வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். எஸ்பிஎம் தமிழில் எனக்கு ஏ. அந்தப் பெருமை இன்றும் உண்டு. அதனால் படிவத்தில் இருந்ததை ஓர் எழுத்தும் பிசகாமல் படித்தேன்.

"அக்கா, புகையிலைப் பொருள்கள் பயன்படுத்துகிறீர்களா?"

"புகையா? சீ! என்ன மிஸ்ஸி, என்னையப் பார்த்தா சிகரெட்டு பிடிக்கிற பொம்பள மாதிரியா இருக்கு?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வெற்றிலை?"

"அது போடுவேன். வெத்தலை போடாத ஆளு இங்க யாரு லா?"

வெற்றிலை: ஆம். புகையிலை: இல்லை. திட்டுக்கு நேரே ஒரு பல் உடைந்து கூராக இருந்தது. அது உரசி வந்த திட்டாக இருக்கலாம் என்று டாக்டர் நினைத்தார். பல்லின் முனையைத் தேய்த்துவிட்டு, அடுத்த வருகையில் பார்ப்போம் என்றார். எழுதினேன். அடுத்த வருகைக்குப் பல மாதங்கள் இருந்தன.

2. பிஸ்கட் டப்பா

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பரிசோதனை நடந்த மண்டபத்தின் பின்பக்கம் போனேன். சரசு அக்காவும் அவரோடு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் மூன்று பெண்களும் வெற்றிலை வைத்த ஒரு பிஸ்கட் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"சரசு, போயிலை எங்கடி? நீயே எல்லாத்தையும் முழுங்கிட்டியா?" என்றார் அவர்களில் ஒருவரான லெட்சுமி அக்கா.

போயிலை என்பது எங்கள் வீட்டுச் சொல்தான். பள்ளியில் ஒரு நாள் நான் அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். இவர்களுக்குப் புகையிலை என்றால் பற்றவைப்பது. வெற்றிலைக்குள் வைத்து மடிப்பது போயிலை.

டாக்டரிடம் போய், நான் கேட்ட விதம் தவறு என்றேன். அவர் திட்டவில்லை. சரசு அக்காவை மறுபடி அழைத்துப் பார்த்தார். உடனே ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

காலையில் வந்த மற்றவர்களையும் தேடிப் பிடித்து, போயிலை என்று கேட்டேன். பல 'இல்லை'கள் 'ஆம்' ஆயின. ஆண்களும் அப்படித்தான். ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார்: "சிகரெட்டு பிடிச்சா சூப்பர்வைசர் தூரத்திலேயே பார்த்துடுவாரு மிஸ்ஸி. இது கன்னத்துக்குள்ள கெடந்தா யாருக்குத் தெரியும்? தூக்கமும் வராது."

3. எங்கே உட்காருவது?

சரசு அக்கா கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் வரல மிஸ்ஸி. வலியே இல்லயே."

"வலிக்கிற வரைக்கும் விடக்கூடாது அக்கா. போயிலையையும் நிறுத்தணும்."

"நிறுத்திட்டு? பத்து மணிக்கு இவங்க டப்பாவத் தொறந்து ஒக்காருவாங்க. நான் எங்க போயி ஒக்காரட்டும்? காட்டுக்குள்ள டீ கொண்டாந்து கொடுக்க ஆளா இருக்கு? பசிக்கும் இதான், பேச்சுக்கும் இதான். மசக்கைக்கு நல்லதுன்னு மொதல்ல கையில கொடுத்ததே என் மாமியாதான்."

"விடுடி, உனக்கு ஈப்போ டாக்டரு சம்பந்தம் கெடச்சிருச்சு. இனிமே எங்க டப்பா எதுக்கு?" என்றார் லெட்சுமி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சரசு அக்கா சிரிக்கவில்லை.

நான் பேச வேண்டியது சரசு அக்காவிடம் மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"லெட்சுமிக்கா, நீங்களும் வாங்க. உங்களுக்கும் கடிதம் கேட்டு வாங்குறேன்."

"எனக்கு என்ன லா?"

"ஒரே டப்பாதானே?"

அவர் நாக்கால் தன் கன்னத்தை உள்ளே தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி, வாரேன். இவளத் தனியா பஸ்ஸுல ஏத்துனா பாதி வழியில எறங்கிடுவா."

இருவரும் ஈப்போ மருத்துவமனைக்கு வந்தார்கள். லெட்சுமி அக்காவின் வாயில் ஒன்றுமில்லை. சரசு அக்காவின் திட்டில் கொஞ்சம் வெட்டிச் சோதித்தார்கள். அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. திட்டு முழுவதையும் எடுத்துவிட்டு, தொடர்ந்து வரச் சொன்னார்கள்.

பிறகு வந்த ஒரு பரிசோதனை நாளில் சரசு அக்காவிடம், போயிலை என்னாச்சு என்று கேட்டேன்.

"டப்பாவுல இருக்கு, எனக்கு இல்ல. லெட்சுமி எனக்குன்னு கிராம்பு வச்சிருக்கா. வாயத் தொறந்தா பல்லுவலித் தைலக் கடை மாதிரி நாறுது. பாக்கையும் விடச் சொல்றாங்க. அதோடதான் இன்னும் சண்டை."

இப்போது படிவத்தில் அச்சிடாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன்: "யாரோட சேர்ந்து போடுவீங்க?" சொல்லும் பெயரை ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். மருத்துவமனைக்குக் கடிதம் கொடுக்கும் நாளில், அந்தப் பெயருக்கு உரியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.