கடுகளவு சின்னத்துக்கு அப்ரூவல்

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி தைக்கும் எந்தத் துணியிலும் எங்கள் பெயர் இருக்காது. வெளிநாட்டுப் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவர், அனுப்பும் லேபிளைக் கழுத்தில் வைத்துத் தைத்து, பெட்டி கட்டி அனுப்புவதுதான் என் மாமனாரின் தொழில். மருமகளாக வந்த நான், குழந்தைத் துணிகளை நாமே விற்கலாமே என்று ஆன்லைனில் ஒரு கடை திறந்தேன். அதிலாவது எங்கள் அடையாளம் இருக்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது.

கடையைப் பிரவுசரில் திறந்தால், மேலே டேப் பட்டையில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு படம் தெரியும். அந்த இடத்தில் கடையை அமைக்க உதவிய சாஃப்ட்வேர்க்காரர்களின் பை படம்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு நம்முடையதை வைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் வீட்டில் பட்டன் நூலின் நிறம்கூட பையரின் அப்ரூவல் இல்லாமல் நகராது. சாம்பிள் எங்கே என்றார் மாமனார். திரையில் காட்டினால் அது சாம்பிள் இல்லையாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம்.

நான் வரைந்த சின்னத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அங்கேதான் வினை பிடித்தது. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று எல்லோருக்கும் கை அரித்தது. மாமனார் குலதெய்வத்தின் வேல் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். எக்ஸ்போர்ட் என்றால் கப்பல் வேண்டாமா என்றார் என் கணவர். மாமியார் எங்கள் தென்னந்தோப்பை விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு தென்னை மரமும் ஏறியது. கம்பெனி ஆரம்பித்த வருடம் அடியில் வளைந்து உட்கார்ந்தது. கணவர் அளவு நாடாவை வைத்து அளந்து, வேலுக்கும் கப்பலுக்கும் இடைவெளி போதாது என்று கமெண்ட் எழுதினார். சாயப் பட்டறைத் துணியைப் பார்ப்பதுபோல வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை என்று நிறம் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட எங்கள் வீட்டில் இத்தனை அமர்க்களம் நடந்ததில்லை.

அதை டேப் பட்டையில் ஏற்றினேன். நசுங்கிய கொசு மாதிரி ஒரு கறை தெரிந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி பிரவுசர்காரனிடம் பேசலாமே, கோயமுத்தூரில் தெரிந்த ஆள் யாராவது இருப்பார்கள் என்றார். அது நடக்காது என்று தெரிந்ததும், பழைய பை படமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதுதான் எக்ஸ்போர்ட் குவாலிட்டியாம்.

"அது நம்முளுது இல்லீங்க மாமா" என்றேன்.

"நாம தெச்சதுல எது கண்ணு நம்முளுது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் ஒரே ஒரு சிவப்புப் பட்டனை வரைந்து ஏற்றிவிட்டேன். சின்ன இடத்திலும் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் ஆபீஸில் அதைப் பார்த்த கணவர், பட்டனுக்குள் ஒரு வேலாவது வைக்கலாமே என்று ஆரம்பித்தார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"யாரு கண்ணு அப்ரூவல் குடுத்தது?"

"நான்தானுங்க மாமா."

அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். ஆயுள் முழுக்க அப்ரூவல் என்ற வார்த்தையைப் பையரிடமிருந்து மட்டுமே கேட்டவர். வீட்டு ஆளும் அதைச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு அவர், பையரின் மெயிலைப் படிக்கும்போது வரும் அதே பயபக்தியோடு மகனிடம் சொன்னார்:

"அப்ரூவல் ஆயிருச்சு. இனி யாரும் அதுல கை வெக்கக் கூடாது."