கிணற்றில் கரையாத பிள்ளையார்

ஆந்திர எல்லையில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் சொல்லப் போவது சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் கழனிக் கிணற்றில் நடந்தது. ஆனால் அதற்கு வழி செய்தது அதற்கும் சில வருஷம் முந்தைய விநாயக சவிதி, அதாவது பிள்ளையார் சதுர்த்தி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் களிமண் பிள்ளையார்தான். புத்தூர் சந்தையில் ஒரு அம்மாள் பலகை போட்டு உட்கார்ந்து, அச்சில் மண்ணை அழுத்தி எடுத்துத் தருவாள். குன்றிமணிக் கண். வண்ணம் எதுவும் கிடையாது. பூஜை முடிந்து மூன்றாம் நாள் எங்கள் கழனிக் கிணற்றில் விடுவோம். வீட்டுப் பிள்ளையாரைச் சொந்தக் கிணற்றில் விட்டால் ஊற்று வற்றாது என்று என் மாமியார் காலத்திலிருந்து ஒரு வழக்கம். விட்ட மறுநாள் போய்ப் பார்த்தால் பிள்ளையார் இருந்த இடம் தெரியாது. எருக்கம் மாலை மட்டும் மிதக்கும்.

அந்தக் கிணறு எங்களுக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்கும் பொது. ஒரு வருஷம் அவர்கள் வீட்டில் பெரிய வண்ணச் சிலை வைத்தார்கள். ஊரே போய்ப் பார்த்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையாரை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாய் திறந்து எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள் நான். ஆனால் அது மட்டும் மனசில் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த வருஷம் சவிதிக்கு முதல் நாள், நானும் என் வீட்டுக்காரரும் ஆட்டோவில் புத்தூர் போனோம். ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி வரிசையாகச் சிலைகளை வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, இரண்டடி உயரம், ஊதா நிற வேட்டி, தங்கக் கிரீடம். பட்டுத் துணி மாதிரி மின்னியது. காலடியில் ஒரு குட்டி எலி. நான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு இம்மாம் பெருசு? மண்ணு புள்ளையாரு வாணாமா?" என்றார் அவர்.

"ஒரு வருசம் வச்சிப் பாக்கலாமே" என்றேன்.

நான் எதையும் கேட்காதவள் என்பதாலோ என்னவோ, அவர் மறுபேச்சு பேசவில்லை. திரும்பும் வழியில் சந்தை வாசலில் அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்தத் தபா நம்ம சாமி வாணாமா?" என்றாள். நான் முந்தானையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வரும் வழியில் ஆட்டோ குலுங்கியதில் எலியின் ஒரு காது உடைந்துவிட்டது. உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது, நடுவில் மெல்லிய கம்பி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மண் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன்மேல் சந்தனத்தை அப்பி மறைத்துவிட்டேன்.

பூஜை பிரமாதமாக நடந்தது. கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தியே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உங்க வூட்டு சாமி ஜோரா கீறாரு அக்கா" என்றாள். அந்த மூன்று நாளும் நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்க் கிணற்றில் விட்டோம். பழைய பிள்ளையார் தண்ணீர் பட்டதும் குழைந்துவிடுவார். இவர் நிமிர்ந்தபடி நேராக உள்ளே இறங்கினார். அவர் போன இடத்தில் ஊதா நிறம் எண்ணெய் மாதிரி பரவியது. பத்து நாளில் கிணற்று மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கொழுந்தனார், "எவனோ மருந்தடிச்ச டேங்க்கை இதுல கழுவிட்டான்" என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தார். நான் செத்த மீன்களை அள்ளி வரப்போரம் புதைத்தேன்.

மறு வருஷமே மண் பிள்ளையாருக்குத் திரும்பிவிட்டோம். நாலாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த கோடையில் கிணறு இறங்கிக்கொண்டே போய் அடியில் சேறும் முழங்கால் தண்ணீருமாக நின்றது. தூர் எடுக்க எங்கள் ஊர்க் காலனியில் இருக்கும் ஒருவரை வரச் சொன்னோம். ஐம்பது வயது இருக்கும். முன்பு அவர் குடும்பமே எங்கள் கழனியில் வேலை செய்தது. இப்போது அவரே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டிருந்தார். கோடை வந்தால் சுற்று வட்டாரத்தில் கிணறு இறங்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கக் கல்லைக் கால் விரலாலேயே பிடித்து, கயிறு இல்லாமல் இறங்குவார்.

அன்று காலையும் கிண்டல் பேசிக்கொண்டேதான் இறங்கினார். "அம்மா, டீ எதுனா வருமா, இல்ல இந்தச் சேத்தயே துன்னணுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சேற்றுக் கூடை ஏழெட்டு மேலே வந்திருக்கும். திடீரென்று உள்ளே பேச்சு நின்றுவிட்டது.

"இன்னாப்பா?" என்று கொழுந்தனார் எட்டிப் பார்த்தார்.

"கால்ல இன்னாமோ ஏறிக்கிச்சு" என்று நிதானமாகப் பதில் வந்தது.

கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். வலது உள்ளங்காலில் ரத்தம் ஒழுகியது. மடியில் ஒரு சிலையை அணைத்துப் பிடித்திருந்தார். காலைப் பார்க்காமல் முதலில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி அந்தச் சிலையைத்தான் கழுவினார். வண்ணம் முழுக்கப் போயிருந்தது. ஆனால் முகம், தும்பிக்கை, தொந்தி எல்லாம் அப்படியே. தூக்கிய வலது கை மட்டும் உடைந்து, துருப்பிடித்த கம்பி விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலடியில் எலி. அதற்கு ஒரு காது இல்லை.

"சாமிய மிதிச்சிட்டேனே" என்றார் அவர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"யாரு வூட்டுப் புள்ளையாரு இது?" என்று கொழுந்தனார் சுற்றிலும் பார்த்துக் கேட்டார்.

"எங்களுது ஏரில உட்டோம். அக்கா வூட்டுல மண்ணு சாமிதானே உடுவாங்க" என்றாள் ஓரகத்தி. ஒரு வருஷம் மட்டும் நாங்கள் மாற்றியது அவளுக்கு மறந்தே போயிருந்தது. தெருவில் பந்தல் போடுகிறவர்கள் யாரோ போட்டிருப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, "கம்முனு இரு. உன்ன யாரு கேட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. பத்துப் பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம். அதைவிட, வெட்கம்.

கிணறு இறங்கியவர் காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குச் சுகர் இருந்தது அவருக்கே தெரியாது. இரண்டாவது வாரம் கால் வீங்கி, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் ரொட்டி, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஆணியில் ஒரு பை தொங்கியது. அதில் மெத்தென்ற செருப்பு. அவர் மனைவி அதைக் காட்டி, "டாக்டர் தலப்பாடா அடிச்சிக்கினு சொன்னாரு, இது இல்லாம கீழ கால் வைக்கக் கூடாதுன்னு. இவரு தொடவே மாட்றாரும்மா" என்றாள்.

"சாமிய மிதிச்ச காலு. அதுக்குச் செருப்பு ஒரு கேடா?" என்றார் அவர். "ஒரு வருசம் வெறுங்காலுலயே இருக்கேன்னு காணிப்பாக்கத்துப் புள்ளையாருக்கு வேண்டிக்கினுகீறேன். மாசாமாசம் போய் மன்னிப்புக் கேட்டுக்கினு வந்துட்டா சரியாப் பூடும்மா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அது சாமி கொடுத்த தண்டனை இல்லையப்பா, மினுக்குக்கு ஆசைப்பட்டு நான் வாங்கிப் போட்ட குப்பை என்று. "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை அவர் பஸ்ஸுக்குப் போவதைப் பார்ப்பேன். எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கட்டுப் போட்ட காலை ஒருக்களித்து வைத்து, வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலோடு போவார். அவர் தலை தெரிந்தால் நான் உள்ளே போய்விடுவேன். இப்படி ஆறு மாதம்.

ஒரு நாள் அந்தக் காலில் ஈ மொய்ப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புத்தூரில் வாங்கியது, எலியின் காது, கம்பியைச் சந்தனம் வைத்து மறைத்தது, எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. உங்க வூட்டுல மண்ணு சாமிதான்னு ஊருக்கே தெரியும்மா."

"இல்லப்பா, நெசமா. காணிப்பாக்கம் வேணா வரேன். கோனேட்டுக் கொளத்துல முங்கி, சாமி எதிர்ல நின்னு சத்தியம் பண்றேன்" என்றேன். அந்தச் சாமி எதிரில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது.

அவர் பதறிப் போனார். "வாணாம்மா. எனக்காவ நீங்க பொய்ச் சத்தியம் பண்ணிட்டு அந்தப் பாவத்தயும் கட்டிக்காதீங்க. என்னுத நானே தீர்த்துக்கறேன்."

வெளியே வந்தேன். அவர் மனைவி சந்து முனை வரைக்கும் கூடவே வந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஆறு மாசம் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?" என்றாள். என்னை அவள் ஒருமையில் பேசியது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த மழையில் புண் மறுபடி திறந்துகொண்டது. இந்தத் தடவை பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். குத்தகை நிலத்தை விட்டுவிட்டார். இப்போது ஒரு மாந்தோப்பில் கட்டில் போட்டுக் காவல் இருக்கிறார். அவர் மருந்துச் செலவில் ஒரு பங்கை நாங்கள் கொடுக்கிறோம். அவரும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார். அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்க முடியாதது.

கொழுந்தனார் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டிலும் இப்போது மண் பிள்ளையார்தான், கிணற்றில் விடுவதில்லை, வாளித் தண்ணீரில் கரைத்துத் தென்னைக்கு ஊற்றிவிடுகிறோம். கடைக்குப் போனால் ஒரு சோப்பை எடுப்பதற்குக்கூட நான் நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பளபளப்பாக ஒரு பொருளைக் கையில் எடுத்தால், இது என் வீட்டை விட்டுப் போன பிறகு யார் காலில் ஏறப் போகிறது என்றுதான் இப்போது எனக்கு முதலில் தோன்றுகிறது. ஒரு மனிதரின் பாதம் போன பிறகு வந்த இந்தப் புத்தியை நல்ல புத்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.